பழைய ராணுவ மெடல் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: பழைய சாமான் கடை ஒன்றில் முதல் உலகப் போர் வெள்ளி மெடல் ஒன்றும், இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர மெடலான பர்மா ஸ்டார் ஒன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து 14,000 ரூபாய் கேட்கிறார்கள். நகைக்கடையில் உரசிப் பார்த்ததில் வெள்ளி சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கலாமா?

அந்த 'வெள்ளி சுத்தம்' என்ற இடத்தில்தான் நானும் வழுக்கி விழுந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை எங்களுக்கு அருகில்தான். பரணில் தாத்தா காலத்து மெடல் கிடக்கும் வீடுகள் இங்கே நிறைய. அதனால் எங்கே மெடலைப் பார்த்தாலும் கை தானாக நீளும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில், முதல் உலகப் போருக்கான வெள்ளி மெடலான பிரிட்டிஷ் வார் மெடல் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத வீரன், குதிரையின் காலடியில் கழுகுச் சின்னம் போட்ட கேடயம், ஓரத்தில் 1914, 1918. விளிம்பில் ஒரு தமிழ்ப் பெயர், அதற்குப் பக்கத்தில் 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். "மெசபடோமியாவுல அடிபட்டவர் சார், குடும்பமே கொண்டுவந்து கொடுத்தது" என்றார் விற்றவர். 9,000 ரூபாய் கொடுத்தேன். ஊருக்கு வந்ததும் தெரிந்த பத்தரிடம் ஓடினேன். உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல வெள்ளி தம்பி, பயப்படாதே" என்றார். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் ஒரு நாள் படைப்பிரிவுகளின் வரலாற்றைப் புரட்டியபோதுதான் உறைத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற பெயரே 1922-இல் நடந்த மறுசீரமைப்புக்குப் பிறகு வந்தது. அதற்கு முன், போர்க்காலத்தில், அந்தப் படைகளுக்கு 73, 75, 86-ஆம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, 83-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்று எண்ணோடு சேர்ந்த பெயர்கள். இன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிறோமே, அந்த ராணுவப் பொறியாளர் படைகூட அப்போது '2-ஆம் குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'தான். மெடலில் பொறிப்பது போரில் இருந்த படையின் பெயரை. பின்னால் வரப்போகும் பெயரை 1914–18 மெடலில் எவன் பொறிப்பான்?

பத்து மடங்கு லென்ஸை எடுத்து விளிம்பை விளக்கடியில் மெல்லச் சுழற்றினேன். பெயர் இருந்த இடத்தில் விளிம்பு லேசாகப் பள்ளமாக இருந்தது, அரம் தேய்த்த மெல்லிய கோடுகளோடு. மெடல் முழுக்கக் கறுத்திருந்தும் எழுத்துகளின் குழிக்குள் மட்டும் பளபளப்பு. வெர்னியர் வைத்து நாலு திசையில் அளந்தேன். விட்டம் சுற்றிலும் 36 மில்லிமீட்டர், பெயர் இருக்கும் இடத்தைக் குறுக்கே பிடித்தால் கால் மில்லிமீட்டர் குறைவு. கடைசியாக வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தபோது, புதுப் பெயருக்கு அடியிலிருந்து ஜி, என், ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளின் தடம் ஆவி மாதிரி எழுந்து வந்தது. கன்னர், அதாவது பீரங்கிப் படைச் சிப்பாய். யாரோ ஒரு கன்னருக்குக் கொடுத்த அசல் மெடல். அவர் பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு, நம் ஊர்க்காரன் ஆசைப்படுவான் என்று தமிழ்ப் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

நல்ல போலி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முகம் அசல், வெள்ளி அசல், ரிப்பன்கூட அசலாக இருக்கலாம். பெயர்தான் பொய். வெள்ளியில் சுமார் 65 லட்சம் பிரிட்டிஷ் வார் மெடல்கள் கொடுத்திருக்கிறார்கள். வெறும் மெடலுக்குப் பெரிய கிராக்கி கிடையாது, அது யாருடையது என்பதற்குத்தான் காசு. அதனால் விளிம்பிலிருந்து தொடங்குங்கள்.

இதில் ஒரு நியாயமும் உண்டு. மெடலைத் தொலைத்த சிப்பாய் வேறொன்றை வாங்கித் தன் பெயரை வெட்டிக்கொண்டதும் நடந்திருக்கிறது. பெயர் மாற்றியதெல்லாம் மோசடி என்று சொல்ல முடியாது. விலை மட்டும் அசல் விலையாக இருக்கக் கூடாது. இந்தியப் படையினருக்காகக் கல்கத்தா நாணயச் சாலையிலிருந்து வந்த மெடல்களின் எழுத்து இங்கிலாந்து மெடல் எழுத்து மாதிரி இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். இங்கிலாந்து மெடலின் போட்டோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, நல்ல இந்திய மெடலைப் போலி என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

'வெள்ளி இல்லை, அதனால் போலி' என்பதும் தப்பு. இந்தியர், சீனர், மால்டாக்காரர் இருந்த தொழிலாளர் படைகளுக்கு இதே மெடலை வெண்கலத்தில் சுமார் 1,10,000 பேருக்குக் கொடுத்தார்கள். அது வெள்ளியைவிட அரிது.

மெடலையே புதிதாக வார்த்த போலி, கண் பழகியவரிடம் சுலபமாக மாட்டும். அசல் மெடல் எஃகு அச்சில் அடித்தது. எழுத்தின் கரை செங்குத்தாக இறங்கும், தளம் கண்ணாடி மாதிரி இருக்கும். அசலை அச்செடுத்து வார்த்தால் இட்லிமாவில் விரலால் எழுதிய மாதிரி எழுத்து மழுங்கிவிடும், தளத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் அசலைவிடச் சற்றுக் குறையும். ஆனால் பிரிட்டனின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வார்த்துச் செதுக்குவதுதான். போரில் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த 120 மில்லிமீட்டர் வெண்கலத் தட்டும் வார்ப்புதான். அந்தத் தட்டில் பெயர் புடைத்திருக்க வேண்டும், குழித்து வெட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

ரிப்பனுக்குக் காஞ்சிபுரத்துப் பட்டுக்குச் செய்யும் சோதனையே போதும். ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்துங்கள். பட்டு முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும், பருத்தி காகிதம் மாதிரி எரியும், பாலியெஸ்டர் உருகிக் குண்டுமணியாகும். ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் அடித்து வெள்ளைப் பட்டை நீலமாக மின்னினால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய துணி. அதனால் மெடல் போலி என்று ஆகாது, ரிப்பனை மாற்றியிருப்பார்கள்.

இப்போது உங்கள் பர்மா ஸ்டார். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களை பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்துத்தான் கொடுத்தார்கள். ஆகவே பின்பக்கம் மொட்டையாக இருந்தால், 'இது நம் ஊர்ச் சிப்பாயுடையது' என்று கடைக்காரர் சொல்லும் கதைக்கு அந்த நட்சத்திரம் சாட்சி சொல்லாது. பின்பக்கம் ஓரிடம் மட்டும் தேய்த்தது போல் இருந்தால், அங்கே நகல் என்று சொல்லும் 'காப்பி' முத்திரை இருந்திருக்கலாம்.

பரம்வீர் சக்ரா என்று யாராவது கொண்டுவந்தால் லென்ஸே வேண்டாம். இதுவரை 21 பேருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வாங்கும் முன் வெள்ளி மெடலின் விளிம்பைச் சுற்றிலும் நாலு போட்டோ, நட்சத்திரத்தின் பின்பக்கம் ஒரு போட்டோ, வெளிச்சத்தைச் சாய்த்து எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பாலிஷ் போட்டுக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பார்க்க வேண்டிய தடமெல்லாம் அழிந்துவிடும். என்னுடைய அந்தக் கன்னர் மெடல் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. விற்றால் இன்னொருவர் தலையில் கட்டியதாகிவிடும். மூன்று எழுத்துக்குப் பிறகு வரும் பெயரின் முதல் எழுத்து பி-யா ஆர்-ஆ என்று மழைநாளில் எடுத்துப் பார்ப்பேன். இன்றுவரை பிடிபடவில்லை.