மயக்க மருந்து கொடுத்தபின் உடல் திடீரெனக் கொதித்தால் டாக்டர்கள் என்ன செய்வார்கள்?

நீங்கள் கேட்பது மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா பற்றி. அபூர்வம்தான், ஆனால் பரம்பரையாக வரும். செவோஃப்ளூரேன் போன்ற வாயு மயக்க மருந்தோ, தசையைத் தளர்த்தும் மருந்தான சக்சினைல்கோலினோ உள்ளே போனதும் தசைகளுக்குள் கால்சியம் கட்டுமீறிப் பாயும். அதனால்தான் உடல் கொதிக்கிறது. உடல் கொதிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது பெரும்பாலும் பிந்தித்தான் வரும். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு காரணமில்லாமல் ஏறுவதுதான் முதலில் கண்ணில் படும்.

உடனே வாயுவை நிறுத்தி, ஆள் கூப்பிட்டு, 100 சதவீத ஆக்சிஜன் கொடுப்பார்கள். அப்புறம் இதை அடக்கும் மருந்தான டான்ட்ரோலீன், உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பழைய வகைக் குப்பியில் 20 மில்லிகிராம்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் 60 மில்லி ஸ்டெரைல் தண்ணீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே 9 குப்பி! கலக்குவதற்கென்றே இரண்டு மூன்று பேர் வேண்டும். இதை ஒத்திகை பார்க்காத ஆபரேஷன் தியேட்டரை நான் நம்ப மாட்டேன்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் சிக்கல் வந்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.