காட்டுப்பூவைக் கிட்டே போய்ப் படமெடுத்தால் ஒரு இதழ் மட்டும் தெளிவாக வருவது ஏன்?

படத்தில் முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதோ, அதைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறோம். லென்ஸ் ஒரே ஒரு தூரத்தில் இருப்பதைத்தான் கூர்மையான புள்ளியாகக் குவிக்கும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை சிறு வட்டங்களாகப் பரவி மங்கும். பூவை நெருங்க நெருங்க இந்தத் தெளிவான பகுதி சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். மகரந்தம் தெரியும், இதழின் விளிம்பு கரைந்துபோகும்.

விரலைக் கண்ணருகே வைத்து உற்றுப் பாருங்கள், பின்னால் உள்ளதெல்லாம் மங்கும். கையை நீட்டிப் பிடித்தால் அந்த மங்கல் குறையும்.

லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடினால் துளை சிறிதாகும். எஃப்/11 வைத்தால் துளை சிறிதாகி, தெளிவான பகுதி கூடும். ஆனால் வெளிச்சம் குறைவதால் ஷட்டர் மெதுவாகும், அதாவது கூடுதல் நேரம் திறந்திருக்கும். வறண்ட மலையடிவாரத்தில் காற்றைத் தடுக்க மரமேது? மெல்லிய காம்பு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் படம் மங்காமலிருக்க ஷட்டரை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) கூட்டுவதே மேல். விடியலில் காற்று குறைவுதான். ஆனால் கலிபோர்னியா பாப்பி போன்ற காட்டுப்பூ வெயில் ஏறினால்தான் விரியும்!

அப்புறம், எஃப்/22 வைத்தால் எல்லாமே கூர்மையாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால், மொத்தப் படமுமே கொஞ்சம் மழுங்கிவிடும்.