வள்ளலார் கூடத்துக்குத் தொடுதிரை எதற்கு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் 20க்கு 30 அடி கூடம் கிடைத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தாங்களே தொட்டு, இயக்கிப் பார்க்கும்படி வள்ளலார் வாழ்க்கையைக் காட்சியாக அமைக்க ஆசை. பெரிய தொடுதிரை இரண்டு வாங்கினால் போதுமா?

பதில்: திரை வாங்கும் பணத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் வருகிறார்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஒரு திரைக்கு 80 நிமிடம். இரண்டு திரை போட்டாலும் 40 நிமிடம் ஆகும். அதற்குள் வரிசையின் பின்பாதி ரகளையில் இறங்கிவிடும்.

வள்ளலார் அமைத்த வடலூர் சத்திய ஞான சபையில் (1872) ஜோதியை மறைப்பவை ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியாகக் கலப்பு நிறம். தைப்பூசத்தன்று அவற்றை நீக்கித்தான் ஜோதி தரிசனம். பிள்ளைகள் கையால் விலக்கிச் செல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? நீண்ட சுவர் ஒன்றை ஒட்டி 4 அடி அகலத்தில் நடைவழி அமையுங்கள். இரண்டடி இடைவெளியில் ஏழு திரைகளுக்கு 12 அடி, கடைசியில் ஜோதியாக வைக்கும் விளக்குக்கு மேலும் 2 அடி. ஒவ்வொன்றும் நடுவில் பிளந்த துணியாக இருந்தால் விட்டதும் தானாக மூடிக்கொள்ளும். 15 விநாடிக்கு ஒருவரை உள்ளே விட்டால் 40 பேருக்குப் பத்து நிமிடம். விளக்குக்குப் பக்கத்திலேயே வெளியேறும் வழி வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வருபவரும் உள்ளே போகிறவரும் முட்டிக்கொள்வார்கள்.

கெடுவது இரண்டு இடத்தில். பிள்ளைகள் துணியைப் பிடித்துத் தொங்குவார்கள். ஜிப்சம் கூரையில் மாட்டிய கம்பி அந்தக் கனத்தைத் தாங்காது, தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். அடுத்தது, தரையைத் தொடும் துணி சீக்கிரம் அழுக்காகும், காலும் தடுக்கும். மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். துணி எளிதில் தீப்பற்றாத வகையாகவும், விளக்கு எல்.இ.டி.யாகவும்தான் இருக்க வேண்டும். உண்மை விளக்கு வைத்தால் கற்பூரமும் பூவும் தானே வந்து சேரும். அப்புறம் அது சன்னிதி, காட்சியகம் இல்லை.

எதிர்ச்சுவர் ஓரமாகத் தரையில் 21 அடி நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். வள்ளலார் பசித்தவர்க்குச் சோறிடத் தொடங்கிய வடலூர் தருமசாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதன் நீளம் அது. பக்கத்தில் நின்று பார்த்தாலே பசியாற்றல் எத்தனை பெரிய வேலை என்று புரிந்துவிடும். செலவு பெயின்ட் மட்டும்.

கேள்வி: அவருடைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, கணினியில் பேச வைக்கலாமா?

பதில்: நம்பகமான புகைப்படம் என்று ஒன்று இல்லவே இல்லை. வெண்ணிற ஆடையில் முக்காடிட்ட உருவங்கள் எல்லாம் ஓவியங்கள். எந்தப் படத்தை மாட்டினாலும் கீழே ‘ஓவியம்’ என்று எழுதுங்கள். ஓவியத்தை வாயசைக்க வைத்தால், அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்ததாகும். வேண்டாம்.

அவர் குரலுக்குப் பதில் அவர் பாடிய அருட்பா இருக்கிறது. பாடல்களுக்குக் காப்புரிமைத் தடை இல்லை. ஒலிப்பதிவுக்கு உண்டு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே கடையில் வாங்கிய குறுந்தகட்டை ஓட விடாமல், நல்ல ஓதுவாரைக் கொண்டு எழுத்து ஒப்புதலுடன் புதிதாகப் பதியுங்கள். திறந்த ஒலிபெருக்கி கூடத்தில் எதிரொலிக்கும். தொலைபேசி போன்ற கைக்குழல் நான்கைந்து போதும். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பெங்களூரில் ஏராளம், அவர்களுக்குக் கைக்குழல்தான் கதி.

கேள்வி: அவர் தங்கியிருந்த கருங்குழியில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் விளக்கு எரிந்ததையும் காட்டலாம் அல்லவா?

பதில்: காட்டலாம், ‘என்று அன்பர்கள் சொல்வர்’ என்ற குறிப்போடு. 1823 மருதூர்ப் பிறப்பு, 1865 சன்மார்க்க சங்கத் தொடக்கம், 1874 மேட்டுக்குப்பத்தில் மறைவு ஆகியவற்றுக்கு ஒரு நிறப் பலகை, வழிவழிச் செய்திகளுக்கு வேறு நிறம். அவர் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று யாழ்ப்பாணச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்போடு நடந்த சண்டையை ஒளிக்காதீர்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அங்கேதான் நின்று படிப்பார்கள்.

கேள்வி: பலகைகள் எந்த மொழியில்?

பதில்: உள்ளே தமிழ், கன்னடம், ஆங்கிலம், மொழிக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். வாசல் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பது 2024 முதல் கர்நாடகச் சட்டம். பலகை எழுதக் கொடுக்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.