எந்தப் பிரதி மிஞ்சும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு உயிரான சில படங்களுக்கு இப்போது இரண்டாம் பாகமும் மறுஆக்கமும் வருகின்றன. பழைய படத்தை முப்பது நொடித் துணுக்காக மட்டும் பார்த்துவிட்டுக் கேலி செய்கிறார்கள். இன்னும் இருபது வருடத்தில் இவற்றை எப்படி நினைவில் வைத்திருப்பார்களோ என்று பதற்றமாக இருக்கிறது. நான் எடுக்காத படத்துக்கு நான் ஏன் இப்படிக் கவலைப்படுகிறேன்?

கே.

அன்புள்ள கே.,

ஒரு படத்தைச் சிபாரிசு செய்கிறவர் தன் ரசனைக்கும் சேர்த்தே ஜாமீன் கொடுக்கிறார். படத்தை யாராவது இளக்காரமாகப் பேசினால் ஜாமீன்காரருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் அஞ்சும் எதிரிகளுக்கு அவ்வளவு பலம் கிடையாது. மோசமான இரண்டாம் பாகம் சீக்கிரமே மறந்துபோகும். சிறந்த படங்களின் பட்டியல்களும் மாறிக்கொண்டேதான் இருக்கும். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் 'சிட்டிசன் கேன்' 1962 முதல் 2002 வரை ஐந்து முறை முதலிடம் பிடித்தது. 2012இல் அந்த இடம் 'வெர்டிகோ'வுக்குப் போயிற்று. அதனால் 'கேன்' பார்ப்பதை யாரும் நிறுத்திவிடவில்லை.

கவலைப்பட வேண்டியது, எந்தப் பிரதி எளிதாகக் கைக்குக் கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946இல் வெளியானபோது போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காசில்லாமல் கிடைத்த படம் என்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ் தோறும் அதைப் போட்டுத் தள்ளின. படம் அமரத்துவம் பெற்றுவிட்டது. விமர்சகர்களால் ஆகாதது ஒரு மறதியால் ஆயிற்று! இதற்கு நேரெதிர் 'ஸ்டார் வார்ஸ்'. 1997இல் மாற்றியமைத்த வடிவம் வந்தபின், 1977இல் மக்கள் பார்த்த படம் கிடைப்பதே அரிதாயிற்று. ரசிகர்களே பழைய 35 மி.மீ. ஃபிலிம் பிரதியைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்தார்கள்.

பிரதி கெடுவதில் பல வகை உண்டு. 2.35:1 விகிதத்தில், அதாவது உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலத்தில், எடுத்த படத்தை இன்றைய டிவி திரை நிறையும்படி வெட்டினால் சட்டகத்தில் ஏறத்தாழ கால்வாசி போய்விடும். இரு ஓரங்களிலும் இருவரை நிறுத்தி எடுத்த உரையாடல் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் மிஞ்சும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை 25இல் ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடமாகச் சுருங்கும். சரி செய்யாவிட்டால் பாட்டின் சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். இதை வைத்துக்கொண்டு 'காட்சியை வெட்டிவிட்டார்கள்' என்று சண்டை போடுகிறவர்கள் ஏராளம். ஓட்ட நேரம் சரியாக 4 சதவீதம் குறைந்திருந்தால் முதலில் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

நிறம் இன்னும் சிக்கலானது. பழைய வண்ணப் பிரதிகளில் பெரும்பாலும் பச்சைநீலச் சாயம்தான் முதலில் வெளிறும். படம் முழுக்க ரோஜா நிறம் ஏறிவிடும். அதைத் திருத்துகிறவர் முன்னால் நம்பகமான மூலப் பிரதி இல்லாவிட்டால் இன்றைய மோஸ்தர்ப்படி நீலமும் ஆரஞ்சுமாக மாற்றிவிடுகிறார். கூடவே ஃபிலிமுக்கே இயல்பான மணித்துகள்களை (கிரெய்ன்) அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்தால் தோலின் துளைகளும் துணியின் நெசவும் சேர்ந்தே போய்விடும். 'புதுப்பிக்கப்பட்ட பதிப்பு' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பி நான் எதையும் வாங்க மாட்டேன்.

உங்களால் ஆகக்கூடியதும் உண்டு. நல்ல பதிப்பு டிவிடி, புளூரே போன்ற வட்டாக வந்திருந்தால் வாங்கி வையுங்கள். ஓடிடியில் ஒப்பந்தம் முடிந்தால் படம் காணாமல் போகும், பதிப்பையும் சொல்லாமல் மாற்றிவிடுவார்கள். படத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம், என்ன சட்டக விகிதம் என்று குறித்துவிடுங்கள். பிற்காலத்தில் மீட்டெடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி உங்கள் பாராட்டுரையைவிட உதவும்.

துணுக்கு பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் வாதாடாதீர்கள். அவர்களில் ஒருவரை உட்காரவைத்து முழுப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அதற்கு முன் டிவி அமைப்புகளில் 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைத்துவிடுங்கள். அது இல்லாத பிரேம்களை இட்டுக்கட்டி நடுவில் செருகுவதால் எப்பேர்ப்பட்ட ஒளிப்பதிவும் சீரியலாகிவிடும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பதால் டிவியில் படத் தரம் தொடர்பான அமைப்புகள் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கும். படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதை மட்டும் போட்டால் போதும்.