வெப்பக் கேமராவில் சேற்றுநிலம்: கேள்வி பதில்

முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கச் சேற்றுநிலங்களை வெப்பக் கேமராவால் வரைபடமாக்குவது பற்றி வந்த கேள்விகள். முடிந்தவரை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ட்ரோனில் வெப்பக் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டால் மேடு பள்ளம் நேராகக் கிடைத்துவிடுமா?

கிடைக்காது தம்பி. கேமராவுக்கு உயரம் தெரியாது, மேல்தோலின் சூடு மட்டும்தான் தெரியும். நாம் பிடிப்பது தண்ணீரின் ஓரத்தை. ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) வற்றும்போது அரை மணிக்கொரு தரம் பறந்து அந்த ஓரத்தைக் கோடாக வரைந்துகொண்டே வந்தால், அந்தந்த நேரத்து நீர்மட்டம் கையில் இருக்கும்பட்சத்தில், ஒவ்வொரு கோடும் ஒரு சம உயரக் கோடு. நீர்மட்டத்துக்கு அந்த இடத்திலேயே அளவுகோல் நட்டுவிடுங்கள். துறைமுக ஓத அட்டவணையை நம்பாதீர்கள், முகத்துவாரம் குறுகலாக இருந்தால் உள்ளே தண்ணீர் தாமதமாகத்தான் ஏறி இறங்கும், காற்று வேறு தள்ளும்.

கேள்வி: சாதாரணக் கேமராவில் ஓரம் தெரியாதா?

மணலில் தெரியும். ஈரச் சேறும் அதன்மேல் விரற்கடை ஆழத்துக்கு நிற்கிற கலங்கல் தண்ணீரும் படத்தில் ஒரே நிறம்தான், அங்கேதான் வெப்பக் கேமரா கைகொடுக்கிறது. வெயிலில் சேறு சட்டென்று சூடாகும், தண்ணீர் மெதுவாக. இரவில் அப்படியே தலைகீழ்.

கேள்வி: காலை ஏழரைக்கு எடுத்தேன், எல்லாம் ஒரே சாம்பல். கேமரா பழுதா?

நேரம்தான் தப்பு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சேறும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். நானும் இப்படி இரண்டு பேட்டரியை வீணடித்தவன்தான். நண்பகலிலோ விடியலுக்கு முன்போ போங்கள். அப்புறம் இன்னொன்று, கேமரா பார்ப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேல்படலத்தை. வற்றிய பிறகு சேற்றின்மேல் தங்குகிற மெல்லிய நீர்ப்படலமும் தேங்கிய குட்டையும் கடல்போலவே தெரியும், அவற்றை ஓரம் என்று வரைந்துவிட்டால் வரைபடமே கெட்டுவிடும். அதனால் நாலு இடத்தில் குச்சி நட்டுச் சரிபார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை.

கேள்வி: லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் இலவசம்தானே, அது போதாதா?

லேண்ட்சாட் 8, 9 இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கொரு படம் கிடைக்கும், அதுவும் காலை பத்து மணி வாக்கில் மட்டும், ஓதம் அப்போது எங்கே நிற்கிறதோ அதுதான். வெப்பப் படம் புள்ளிக்கு 30 மீட்டர் என்றுதான் இறங்கும், ஆனால் உணரியின் அசல் அளவு புள்ளிக்கு 100 மீட்டர். பலர் ஏமாறுவது இங்கேதான். சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 100 மீட்டர் என்பது 10 செ.மீ. உயரம். நம் பக்கம் ஓத ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள். பத்து மீட்டர் ஏறி இறங்கும் குஜராத்தின் காம்பே வளைகுடா என்றால் சரி என்பேன்.

கேள்வி: தரைக் குறிக்கு, அதாவது படத்தை இடத்தோடு பொருத்தத் தரையில் வைக்கும் அடையாளத்துக்கு, என்ன வைப்பது?

பலகையில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி வையுங்கள். அது குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். மேகமூட்டமாக இருந்தால் எடுபடாது.

கேள்வி: அனுமதி வேண்டுமா சார்?

கோடியக்கரை சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுக்கவே எடுக்காதீர்கள். பூநாரைக் கூட்டம் இறங்கியிருந்தால் அனுமதி இருந்தாலும் பெட்டியைத் திறக்க வேண்டாம்.