இன்ஷியல் யாருது?

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் நானும் என் வீட்டுக்காரியும் 'காதலிக்க நேரமில்லை' பார்த்தோம். பழைய ஸ்ரீதர் படம் இல்ல, 2025 பொங்கலுக்கு வந்துச்சே, ரவி மோகன் நித்யா மேனன் நடிச்சது. கல்யாணம் வேணாம் குழந்தை மட்டும் வேணும்னு ஒரு பொண்ணு டோனர் மூலமா பெத்துக்கறா, அது யாரோட விந்துன்னு தெரியாமலே பின்னாடி அவனையே சந்திச்சு பழகறா. எனக்கு மூணு கேள்வி. ஒரு கிளாசிக் படத்தோட பேரை இப்படி எடுத்து வச்சுக்கலாமா? இதெல்லாம் சென்னை பெங்களூர் பணக்காரங்க கதை, நம்ம கடலூர் பக்கம் நடக்குமா? இப்படியே போனா அப்பான்னு ஒருத்தரே தேவையில்லன்னு ஆகிடாதா?

கேக்கறதுக்கு காரணம் இருக்கு. என் தங்கச்சிக்கு 36 வயசு. மாப்பிள்ளை பார்த்து பார்த்து ஓஞ்சிட்டோம். இப்ப கல்யாணமே வேணாம், குழந்தை பெத்துக்கறேன்னு பாண்டியில ஒரு டாக்டரை பார்த்துட்டு வந்திருக்கா. அம்மா இத வாடகைத்தாய்னு நெனச்சுகிட்டு அழறாங்க. நான் சண்டையெல்லாம் போடல. சரி பெத்துக்கோ, குழந்தைக்கு என் இன்ஷியலையே போட்டுக்கலாம், ஊர் வாயை அடைச்சிடலாம்னுதான் சொன்னேன். எழுந்து போனவதான், 20 நாளா எங்கிட்ட பேசல. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?

(பேர் போட வேண்டாம்)
நெல்லிக்குப்பம்

தம்பி,

உங்க லெட்டரை ராத்திரி பத்து மணிக்கு படிச்சேன், அப்புறம் தூக்கம் வரல. படத்துக்காக இல்ல, அந்த கடைசி வரிக்காக. 'நான் என்ன தப்பா சொல்லிட்டேன்'. இதே வார்த்தைய எங்கப்பா 2011ல ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துகிட்டு எங்கிட்ட கேட்டாரு, இதே விஷயத்துக்கு, இதே இன்ஷியலுக்கு. எனக்கு அன்னிக்கு வாய் வரல. போற உயிர்கிட்ட என்னத்த சொல்றதுன்னு கையை மட்டும் புடிச்சுகிட்டு உக்காந்திருந்தேன். பதினஞ்சு வருஷம் ஆகப் போகுது, அந்தப் பதில் எனக்குள்ளயே கிடக்குது. இப்ப நீங்க வந்து மாட்டிகிட்டீங்க, கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கணும்.

முதல்ல அந்தப் பேரு விஷயத்த விட்டுடுங்க. 1964ல ஒரு படம் வந்துச்சு, அது அப்படியேதான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகல. ரஹ்மான் பாட்டு எனக்கு புடிச்சுது, நித்யா மேனன் நல்லா செஞ்சிருக்காங்க. டோனரே ஹீரோன்னு ஆனதுதான் எனக்கு சப்புன்னு போயிடுச்சு. அவன் யாரோ ஒருத்தனா இருந்து, ரத்த சம்பந்தமே இல்லாம அந்தப் புள்ள மேல உசுர வச்சிருந்தான்னா நான் அழுதிருப்பேன். ரத்தம்னு ஒரு முடிச்சு போட்டாதான் நமக்கு மனசு ஆறுது போல, கிருத்திகா உதயநிதி இவ்ளோ தூரம் துணிஞ்சு வந்துட்டு அங்க மட்டும் ஏன் முடிச்சு போட்டாங்கன்னு எனக்கு வருத்தம்தான்.

அம்மாகிட்ட இன்னிக்கே உக்காந்து சொல்லுங்க, இது வாடகைத்தாய் இல்ல. வாடகைத்தாய்க்கு வேற சட்டம், அதுல கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு இடம் கிடையாது, தனியா இருக்கிறவங்கன்னா விதவையோ விவாகரத்து ஆனவங்களோ, அதுவும் 35லேர்ந்து 45 வயசுக்குள்ளதான். உங்க தங்கச்சி கேக்கறது செயற்கை கருத்தரிப்பு, அதுக்கு 2021ல போட்ட சட்டம் 2022 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு, 21லேர்ந்து 50 வயசுக்குள்ள இருக்கிற பொண்ணு கல்யாணம் ஆகலன்னாலும் தாராளமா போகலாம். விந்து கொடுக்கிறவரு 21லேர்ந்து 55 வயசுக்குள்ள இருக்கணும், யாருன்னு சொல்ல மாட்டாங்க, ஒருத்தர் கொடுத்தத ஒரு தரப்புக்கு மேல தரக் கூடாது, பொறக்கற குழந்தை மேல அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. படத்துல வர்ற மாதிரி தேடிப் போய் கண்டுபுடிக்கறதெல்லாம் நடக்காது, அந்த பயம் அம்மாவுக்கு வேணாம்.

நம்ம பக்கம் நடக்குமான்னு கேட்டீங்க. நடந்தே முடிஞ்சுது தம்பி, இந்தப் படம் வர்றதுக்கு ஏழெட்டு வருஷம் முன்னாடியே, திருச்சியில. புருஷனை விட்டுப் பிரிஞ்ச ஒரு பொண்ணு டோனர் மூலமா 2017ல குழந்தை பெத்தாங்க. பர்த் சர்டிஃபிகேட் வந்துச்சு, பார்த்தா அப்பா பேர்னு ஒரு பேரு இருக்கு. யாரோடதுன்னு நெனக்கிறீங்க? ட்ரீட்மென்ட்டுக்கு கூட இருந்து உதவி செஞ்ச ஒருத்தரோட பேரு! அத எடுங்கன்னா ஆபீஸ்ல எடுக்க மாட்டேன்னுட்டாங்க, அந்தம்மா ஐகோர்ட் மதுரை பெஞ்ச் வரைக்கும் போயி, 2018ல கோர்ட் அந்தப் பேரை எடு, அப்பா பேர் இடத்தை காலியா விடுன்னு உத்தரவு போட்டுச்சு. ஒரு பேரை வாங்கறதுக்கு கேஸ் போடறவங்கள பார்த்திருக்கோம், ஒரு பேர் வேணாம்னு இந்தம்மா கோர்ட் படி ஏறினாங்க. உதவி செஞ்சவரு மேல அவங்களுக்கு கோவம் இருந்திருக்காது. உதவி வேற, அப்பா வேறன்னு மட்டும்தான் கேட்டாங்க. இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா நான் இப்ப எங்க வீட்டு கதைக்கு வர்றேன்.

நான் இப்ப பாண்டி முத்தியால்பேட்டையில இருந்தாலும் பொறந்து வளர்ந்தது கடலூர் திருப்பாப்புலியூர்தான். எங்கம்மாவோட தங்கச்சி, என் சித்தி, எங்க வீட்டுக்கு பின் தெருவுல ஒத்த ரூம்ல இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கல. தையல் மெஷின் போட்டு பொழச்சாங்க, ஜூன் மாசம் ஆச்சுன்னா பாதி திருப்பாப்புலியூர் புள்ளைங்களோட யூனிஃபார்ம் அந்த மெஷின்லதான் ஓடும். 1984ல சித்தியோட சிநேகிதி ஒருத்தங்க பிரசவத்துல போயிட்டாங்க. பொண்ணு குழந்தை. அந்தப் புருஷன் கையில குழந்தைய வச்சுகிட்டு திக்குத் தெரியாம நின்னாரு, சித்தி வாங்கிகிட்டாங்க. சும்மா வாங்கல, சார்பதிவாளர் ஆபீஸ் போய் தத்துப் பத்திரம் பதிவு பண்ணி வாங்கினாங்க. எனக்கு பின்னாடி சட்டம் படிச்ச சிநேகிதி சொல்லித்தான் தெரியும், 1956 தத்தெடுப்பு சட்டத்துல கல்யாணம் ஆகாத இந்துப் பொண்ணு தானே தத்தெடுக்கலாம், ஆனா கல்யாணம் ஆகி புருஷனோட இருக்கிற பொண்ணு தன் பேர்ல தத்தெடுக்க முடியாது, புருஷன்தான் எடுக்கணும், அது 2010லதான் மாறுச்சு. எங்க அம்மாவுக்கு இல்லாத உரிமை சித்திக்கு இருந்திருக்கு! அந்தப் பத்திரத்த சித்தி அரிசி டின்னுக்குள்ள வச்சிருப்பாங்க, எலி கடிக்காதுன்னு.

1989ல ஸ்கூல்ல சேக்கணும். ஹெட்மாஸ்டர் அப்பா பேரு என்னன்னு கேட்டாரு. சித்தி பத்திரத்த நீட்டி, நான்தான் சார் எல்லாம், என் பேரைப் போடுங்கன்னாங்க. அவரு பத்திரத்த திருப்பிக்கூட பார்க்கல. அப்பா பேர் இல்லாம எப்படிம்மா, இன்ஷியல் என்ன போடறது, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாரு. சித்தி வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசாம மெஷின்ல உக்காந்துட்டாங்க. எங்கப்பாவுக்கு மனசு கேக்கல. ரொம்ப நல்ல மனுஷன் எங்கப்பா, அடுத்தவங்க கஷ்டம் பொறுக்காது. மறுநாள் காலையில டிவிஎஸ் 50ய எடுத்துகிட்டு, சித்திகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, நேரா ஸ்கூலுக்குப் போயி தன் பேரை அப்பா இடத்துல எழுதி கையெழுத்து போட்டு அட்மிஷன் முடிச்சிட்டு, வர்ற வழியில அரை கிலோ மிக்சரும் வாங்கிட்டு சந்தோஷமா வந்தாரு. எனக்கு அப்ப ஒம்போது வயசு, மிக்சர் பொட்டலத்துக்காக கூடவே ஓடினேன், அதனால சித்தி மூஞ்சிய நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். மெஷின் நிக்கல. கால் மிதிச்சுகிட்டே இருக்கு, துணி இல்ல, வெறும் ஊசி ஏறி இறங்குது. அப்புறம் சொன்னாங்க, "மாமா, அவள எங்கிட்ட இருந்து எடுத்துட்டீங்களே."

எங்கப்பாவுக்கு அது புரியவே இல்ல. கடைசி வரைக்கும் புரியல. ஊருக்கு ஒரு பேர் வேணும்ல, என்னோடத குடுத்தேன், நான் என்ன சொத்தா கேட்டேன்னுவாரு. உங்களுக்கும் அதேதான் தோணுது, இல்ல? நல்லது செய்யப் போனேன், கோச்சுகிட்டான்னு. தம்பி, உங்க தங்கச்சி என்ன கேட்டா? நான் ஒரு குழந்தைக்கு பெத்தவளா இருக்கப் போறேன்னு சொன்னா. அதுக்கு நீங்க, சரி, ஆனா பேருக்கு முன்னாடி நிக்கறது நீ இல்ல, நான்னு சொல்லிட்டீங்க. வயித்துல சுமக்கறது அவ, ஊசி போட்டுக்கறது அவ, ராத்திரி முழிக்கறது அவ, எழுத்து மட்டும் உங்களோடது. ஊர் வாயை அடைக்கணும்னா ஊர் வாயைத்தான் அடைக்கணும், தங்கச்சி வாயை எதுக்கு அடைக்கறீங்க? உங்க நல்ல மனசு எனக்குத் தெரியுது, எங்கப்பா மனசு மாதிரியே இருக்கு, அதனாலதான் இவ்ளோ கோவம் வருது.

இன்ஷியல் என்னமோ ஆதிகாலத்துலேர்ந்து வர்றதுன்னு நினைக்கிறோம். 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி சாதிய போடாதீங்கன்னு தீர்மானம் போட்டாங்க, நம்மாளுங்க அந்த வாலை வெட்டினாங்க, பெருமைதான், இந்தியாவுல வேற எங்க இவ்ளோ பேர் செஞ்சாங்க. வாலை வெட்டின நாம தலையில இருக்கிற அப்பன் எழுத்த மட்டும் தொடவே இல்ல. இங்க பாண்டியில பாருங்க, 1881ல பிரெஞ்சு சர்க்கார் ஒரு ஆணை போட்டுச்சு, தங்களோட பழைய வழக்கச் சட்டத்த துறந்து பிரெஞ்சு சட்டத்துக்குள்ள வர்றவங்க ஒரு குடும்பப் பேரை தேர்ந்தெடுத்துக்கணும். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை லாப்போர்த்னு வச்சுகிட்டாரு, கதவுன்னு அர்த்தம். இன்னிக்கும் சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க, வீட்டுக் காகிதத்துல குடும்பப் பேரு இருக்கும், நம்ம இன்ஷியல் இருக்காது. எங்க தெருவுலயே இருக்காங்க. ஒரு கையெழுத்துல மனுஷங்க பேரு மாறியிருக்கு, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. அப்புறம் உங்க தங்கச்சி குழந்தைக்கு அவ எழுத்து முன்னாடி நின்னா மட்டும் என்ன ஆயிடும்?

சர்க்காரே இறங்கி வந்துடுச்சு தம்பி, நாமதான் வரல. 2015ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கல்யாணம் ஆகாத அம்மா அப்பா பேரை சொல்ல வேண்டியதில்ல, அஃபிடவிட் குடுத்தா அவங்க குழந்தைக்கு பர்த் சர்டிஃபிகேட் குடுக்கணும்னு. 2016 டிசம்பர்ல பாஸ்போர்ட்டுக்கு அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு போதும்னாங்க. 2018 டிசம்பர்லேர்ந்து அம்மா மட்டும் தனியா வளர்க்கற வீட்டுல பான் கார்டுக்கு அப்பா பேர் கட்டாயமில்ல. யாராவது கவுன்ட்டர்ல தெரியாம தகராறு பண்ணா இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கூட நிக்கணும். அந்த ஆளா போய் நில்லுங்க. வரிசையில நில்லுங்க, ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, அவங்க சத்தம் போட்டா நீங்களும் போடுங்க. தாய்மாமனுக்கு அங்கதான் வேலை.

மூணாவது கேள்வி ஒண்ணு கேட்டிருந்தீங்க, அப்பாவே தேவையில்லன்னு ஆகிடுமான்னு. அதுக்கு இன்னொரு நாள் எழுதறேன், இப்ப எனக்கு மனசு அங்க போகல.

சித்தி கதைய முடிச்சிடறேன். எங்கப்பா இன்ஷியல் 'ரா', சித்தி பேர்ல முதல் எழுத்து 'வ'. அந்தப் புள்ள நோட்டுல, ரேங்க் கார்டுல, 2000த்துல வந்த பத்தாவது மார்க் ஷீட்ல எல்லாத்துலயும் 'ரா'தான். எல்லாரும் எங்க ரெண்டு பேரையும் கூடப் பொறந்தவங்கன்னு நெனச்சாங்க, எனக்கு அது சந்தோஷமாதான் இருந்துச்சு, நான் சின்னப் பொண்ணு, எனக்கென்ன தெரியும். ஒரு நாள் அவ யூனிஃபார்ம மடிச்சு வைக்கும்போது பார்த்தேன், காலருக்கு உள்பக்கம், கழுத்துல ஒட்டற எடத்துல, நீல நூல்ல பொடிசா 'வ'ன்னு தையல். பாவாடை இடுப்புப் பட்டியிலயும் இருந்துச்சு. ஏன் சித்தின்னு கேட்டேன், சலவைக்குப் போனா மாறாம இருக்கத்தான்னாங்க. சலவைக்கு போடற வழக்கமே அந்த வீட்ல கிடையாது, கிணத்தடியில அவங்களேதான் தொவைப்பாங்க. பன்னெண்டாவது வரைக்கும் ஒரு துணி விடாம தைச்சாங்க.

எங்கப்பா போனப்ப சித்தி வந்து கால்ல விழுந்து அழுதாங்க. அவங்களுக்கு அவர் மேல பிரியம் இல்லாம இல்ல. அந்தப் புள்ளதான், அப்பா போயி அஞ்சு வருஷம் கழிச்சு, அவளுக்கு 32 வயசுல, நோட்டரி, விண்ணப்பம்னு அலைஞ்சு கெஜட்ல மாத்தினா. புது ஆதார் வந்த அன்னிக்கு என்கிட்ட போன்ல சொன்னா, "அக்கா, பெரியப்பா கோச்சுக்க மாட்டாருல்ல?" கோச்சுக்க மாட்டாருன்னேன். எனக்கு நிஜமா தெரியல தம்பி, ஆனா அப்படித்தான் சொன்னேன்.

இன்னிக்கு காலையில சித்திக்கு போன் பண்ணி உங்க லெட்டர படிச்சுக் காட்டினேன், பேரு ஊரு சொல்லல. எழுபது தாண்டிடுச்சு, கண்ணு மங்கல், மெஷின் மஞ்சக்குப்பத்துல அவங்க பொண்ணு வீட்டு வராண்டாவுல இன்னும் இருக்கு. முழுசா கேட்டாங்க. உங்கள திட்டுவாங்கன்னு பார்த்தேன், திட்டல. குழந்தை நல்லபடியா தங்கட்டும், தங்குச்சுன்னா ஜப்லா ஆறு நான் தைச்சுத் தர்றேன், கைவேலைக்கு இன்னும் கை ஓடுதுன்னாங்க. அப்புறம் வச்சிடப் போற நேரத்துல, "அந்தப் பொண்ணு பேருக்கு என்ன எழுத்துன்னு கேட்டு வை"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்து அத எழுதி அனுப்புங்க.