கொழும்பில் சாமி, மதம் பற்றி வாய்விட்டுப் பேசலாமா? ஈரோட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சாமி கும்பிடாத வீட்டில் வளர்ந்திருக்கிறீர்கள், அடுத்த மாதம் கொழும்புக்கு வேலைக்கு வருகிறீர்கள், மதத்தையும் சடங்குகளையும் ஈரோட்டில் பேசுவதுபோல இங்கே வெளிப்படையாக விமர்சிக்கலாமா, இல்லை வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரைப் பக்கம். 2011இல் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குக் கணக்கு வேலைக்கு வந்தேன், இப்போது குடும்பத்தோடு வெள்ளவத்தையில் இருக்கிறேன். எனக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் விசாவில் வருகிறவர். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் சிந்தனை, மதச் சுதந்திரம் தருகிறது. ஆக, நம்பாமல் இருப்பது உங்கள் உரிமை, அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பேசும்போதுதான் சிக்கல். மத உணர்வைப் புண்படுத்துவதற்கு எதிராக நம் ஊரில் 2024 வரை 295ஏ என்ற பிரிவு இருந்ததே, அதுபோல இங்கே தண்டனைச் சட்டக்கோவையில் 291ஏ, 291பி இருக்கின்றன. அதைவிடக் கனமானது 2007இல் வந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த சட்டம். மத, இன வெறுப்பைக் கிளப்பி வன்முறைக்கு இழுப்பவர்களுக்காக எழுதியது, 10 ஆண்டு வரை சிறை. ஆனால் அது யார் மேல் பாய்ந்தது என்று பாருங்கள். சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பௌத்தப் பிக்குகள் இருக்கும் விகாரையின் வாழ்க்கையைத் தொட்டு ஒரு சிறுகதை எழுதி முகநூலில் போட்டார், 2019 ஏப்ரலில் கைதானார், நான்கு மாதம் உள்ளே இருந்த பிறகுதான் பிணை. கடைசியில் வழக்கே தொடரவில்லை. நடாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர் பௌத்தத்தைத் தொட்டு மேடையில் சொன்ன நகைச்சுவைக்காக 2023 மே மாதம் விமான நிலையத்திலேயே பிடிபட்டார், ஜூலையில்தான் வெளியே வந்தார். அதே சமயம் இஸ்லாத்தை அவமதித்ததற்காக ஞானசார தேரர் என்ற பௌத்தப் பிக்குவுக்கும் 2025 ஜனவரியில் 9 மாதச் சிறை விதித்தார்கள். இவற்றை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கதை எழுதியவரும் ஒரு சமூகத்துக்கு எதிராகக் கூட்டம் சேர்த்தவரும் ஒன்றா? ஆனால் புண்பட்டது என்று ஒருவர் புகார் கொடுத்தால் நடவடிக்கை ஆரம்பித்துவிடுகிறது, நீங்கள் சொன்னது சரியா தப்பா என்ற பேச்சு பிறகுதான் வரும். வெளிநாட்டுக்காரர் என்றால் இன்னும் சுருக்கம். 2014இல் கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணைப் பிடித்து நாடு கடத்தினார்கள், அது தவறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லி இழப்பீடு கொடுக்கச் சொன்னபோது 2017 ஆகிவிட்டது. அதனால் வேலை விசாவில் இருக்கிறவரை முகநூலில் ஆத்திரத்தில் எதையும் எழுதாதீர்கள், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

சரி, இது சட்டம். நான் தடுமாறிய இடம் வேறு. ஈரோட்டில் கடவுள் இல்லை என்றால் மாமா திட்டுவார், பாட்டி அழுவாள், அதோடு முடிந்தது. அது வீட்டுச் சண்டை. இங்கே மதமும் இனமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக் கிடக்கின்றன. விகாரையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அது ஓர் இந்தியத் தமிழன் சிங்களவரைப் பற்றிச் சொன்னதாகத்தான் காதில் விழும். எதிர்ப்பக்கமும் அப்படியே. நான் வந்த அந்த 2011இல் சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம் காளி கோயிலில் பலியிடக் கொண்டுவந்த ஆடு கோழிகளை ஓர் அமைச்சர் ஆட்களோடு வந்து அள்ளிக்கொண்டு போனார். நான் சின்ன வயதிலிருந்தே பலிக்கு எதிரி, கிடாவெட்டுச் சாப்பாட்டுக்குப் போகாதவன். ஆனாலும் அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அங்கே கும்பிட வந்த தமிழ்ச் சனத்தின் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, இது நமக்குப் பழகியதுதானே என்ற ஒரு களைப்பு என்று நேரில் பார்த்த நண்பர் சொன்னார். 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு இன்னும் மோசம். பர்தாவைப் பற்றி, மதரசாவைப் பற்றி நான் வருடக்கணக்காகப் பேசிய அதே பகுத்தறிவு வாக்கியங்களை, முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே என்று சொன்னவர்கள் வாயில் கேட்டேன். அன்றைக்கு நான் அலுவலகத்தில் வாயே திறக்கவில்லை. பேசியிருக்க வேண்டும், அந்தக் கடைக்காரருக்காக. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்புறம் எங்கள் மாடியில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. போரின் கடைசியில் மகன் காணாமல் போனவர். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், நடுவில் கொட்டாஞ்சேனைப் பக்கம் சாத்திரம் சொல்லும் ஓர் ஆளிடம் போய், மகன் உயிரோடு இருக்கிறான், வடக்குத் திசையில் இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொரு தடவையும் காசு. ஒருநாள் காப்பை அடகு வைத்ததாகத் தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் பச்சைப் பொய்யன், உங்கள் துக்கத்தை விற்றுத் தின்கிறான் என்று படிக்கட்டிலேயே நின்று சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "பொய் சொன்னாலும் பரவாயில்லை தம்பி, என்ர பிள்ளையின்ர பேரை இப்ப அவன் ஒருத்தன்தானே கேக்கிறான்" என்றார். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, இப்போதும் அந்த ஆளை மோசக்காரன் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பையனின் பெயரை நான் அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பிறகு கேட்டேன், படம் பார்த்தேன், பள்ளிக்கூடக் கதையெல்லாம் கேட்டேன். ஒருநாள் அவரே, காசு கேட்டால் இனிப் போகமாட்டேன் என்றார். கோயிலை விடவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதனால் இது எப்போதும் வாய் திறக்காத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். 1873இல் கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் பௌத்தப் பிக்குவும் கிறிஸ்தவப் போதகரும் ஆயிரக்கணக்கான சனத்தின் முன்னால் எந்த மதம் உண்மை என்று இரண்டு நாள் நேருக்கு நேர் வாதாடினார்கள். பகுத்தறிவுவாதி டாக்டர் ஆபிரகாம் கோவூர் உங்களையும் என்னையும் போல வெளியிலிருந்து வந்தவர்தான். திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, பிறகு கொழும்பில் பாமன்கடையில் குடியிருந்தார். அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் இங்கேயே இறந்தார், அதுவரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. பேய் பிடித்தது, செய்வினை என்று வந்தவர்களை உட்கார வைத்து அவர்கள் கதையைக் கடைசி வரை கேட்பார் என்பார்கள். இன்றைக்கு அவர் இருந்தால் எத்தனை புகார் வந்திருக்குமோ தெரியாது, அது எனக்குக் கவலைதான்.

உங்களுக்கு நான் சொல்வது, முதல் ஒரு வருடம் கேளுங்கள். சிங்களம் கொஞ்சம் படியுங்கள், பௌத்தத்தை உள்ளிருந்தே கடுமையாக விமர்சிக்கும் சிங்களவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும், நீங்கள் துணை நில்லுங்கள். நம் ஆட்களின் சாதிக்கும் சாத்திரத்துக்கும் எதிராக நீங்கள் நேரில் பேசலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். அலுவலகத்தில் பிரித் நூல், அதாவது பௌத்த மந்திரம் ஓதிய காப்பு நூல், கையில் கட்ட வந்தால் விருப்பமில்லை என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள், நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கோபிக்கவில்லை. வந்து இறங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பாமன்கடை இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.